212-ஆவது ஆள்: டாமர் ஹாம்லின், ஒரு நிகழ்வு ஆய்வு

2021 மே 1. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் டிராஃப்டில் மூன்றாம் நாள். ஐபிஎல் ஏலம்போல இங்கே விலை கேட்பதெல்லாம் கிடையாது. 32 அணிகளும் முறை வைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். எந்த அணிக்குப் போவது என்பதில் ஆட்டக்காரருக்குப் பேச்சே இல்லை. முதல் நாளில் எடுக்கப்படுபவர்கள் கோட்டு சூட்டோடு மேடையேறிப் படம் எடுத்துக்கொள்வார்கள். மூன்றாம் நாள் ஆட்கள் பெரும்பாலும் வீட்டு சோபாவில் ஃபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அந்த வருஷம் எடுக்கப்பட்ட 259 பேரில் 212-ஆவதாக வந்த பெயர் டாமர் ஹாம்லின். எடுத்த அணி பஃபலோ பில்ஸ்.

ஆறாவது சுற்றில் வருபவருக்கு வேலை நிச்சயமில்லை. ஆகஸ்ட் முகாமில் சரிப்பட்டு வராவிட்டால் அணி அவரைக் கழற்றிவிடும், அடுத்த நாள் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். தங்கினாலும் முதல் ஒன்றிரண்டு வருஷம் வேறொருவருக்குக் காயம் பட்டால்தான் வாய்ப்பு. இருபது மாதம் கழித்து, ஆட்டத்தின் நடுவே இவருடைய இதயம் நின்று, அமெரிக்கா முழுக்க இவருடைய பெயரைச் சொல்லிப் பிரார்த்தனை செய்தபோது, பலர் அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டார்கள்.

இந்த ஆய்வுக்கு ஹாம்லினை எடுத்துக்கொண்டதற்குக் காரணமும் அதுதான். அவர் நட்சத்திரம் கிடையாது. அவரைப் பிழைக்க வைத்தவர்களும் நட்சத்திரங்கள் கிடையாது.

ஊரும் வீடும்

ஹாம்லின் 1998 மார்ச் 24-ஆம் தேதி பிறந்தார். ஊர் மெக்கீஸ் ராக்ஸ், பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் நகரத்தை ஒட்டி ஓஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். ஒரு காலத்தில் ரயில் பெட்டித் தொழிற்சாலையால் வாழ்ந்த இடம். 1909-ல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்ற ஒன்று. தொழிற்சாலைகள் போனபின் அந்தப் பகுதியின் எஃகு ஊர்களுக்கு நேர்ந்த கதி இதற்கும் நேர்ந்தது. வேலை குறைந்தது, ஜனம் குறைந்தது.

பள்ளி பிட்ஸ்பர்க் சென்ட்ரல் கத்தோலிக். 2015-ல் அந்தப் பள்ளி மாநிலக் கோப்பையை வென்றபோது அணியின் முக்கியமான கைகளில் ஒருவர் ஹாம்லின். பெரிய பெரிய கல்லூரிகள் கூப்பிட்டன, ஓஹையோ ஸ்டேட், பென் ஸ்டேட் உட்பட. அவர் பக்கத்திலேயே இருந்த பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். வீட்டில் வயது வித்தியாசம் அதிகமுள்ள தம்பி இருந்தான், அவன் வளரும்போது பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதைக் காரணமாகச் சொன்னார். தேசியக் கோப்பைக்கு மோதுகிற கல்லூரியை இதற்காக வேண்டாம் என்று சொல்லும் பதினெட்டு வயதுப் பையன்கள் அதிகம் இல்லை.

கல்லூரியின் தொடக்கம் சுகப்படவில்லை. முதல் வருஷம் காயத்தில் போனது. அப்புறம் மெல்ல நிலைத்து, கடைசியில் அணித்தலைவர்களில் ஒருவரானார். அவர் ஆடும் இடத்துக்குப் பெயர் சேஃப்டி. தடுக்கும் பக்கத்தில் எல்லோருக்கும் பின்னால் நிற்பவர், முன்னால் நிற்பவர்களைத் தாண்டி வருபவனைக் கடைசியாகப் பிடிக்கவேண்டியவர். அவர் நன்றாக ஆடினால் ஸ்கோர் பலகையில் எதுவும் நடக்காது. தவறவிட்டால் ஊரே பார்க்கும். பலகையில் ஏறாத வேலை.

2020 டிசம்பரில், டிராஃப்ட்டுக்கு முன்பே, ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பொம்மை வாங்கிக் கொடுக்க கோஃபண்ட்மீயில் ஒரு நன்கொடைப் பக்கம் திறந்தார். இலக்கு 2,500 டாலர். இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த டேக்கிள்

2021-ல் ஹாம்லின் பெரும்பாலும் மாற்று ஆள். 2022 செப்டம்பரில், இரண்டாவது வாரமே, பில்ஸின் மூத்த சேஃப்டி மைக்கா ஹைடுக்குக் கழுத்தில் காயம் பட்டு அந்த சீசனே போயிற்று. அந்த இடத்துக்கு ஹாம்லின் வந்தார். 13 ஆட்டங்களில் முதலிலிருந்தே இறங்கி 91 டேக்கிள்கள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்துச் சாய்ப்பது) செய்தார். பரவாயில்லை என்று சொல்லக்கூடிய சீசன். சிலிர்க்க வைக்கும் சீசன் என்று யாரும் சொல்லவில்லை.

2023 ஜனவரி 2, திங்கள் இரவு. சின்சினாட்டி நகரத்தின் பேகார் ஸ்டேடியம். பில்ஸ் 12 வெற்றி, 3 தோல்வி. எதிரே இருந்த பெங்கால்ஸ் 11 வெற்றி, 4 தோல்வி. அந்த வருஷத்தின் பெரிய ஆட்டங்களில் ஒன்று. இ‌எஸ்பிஎன் நேரலையில் 2 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் கால் ஆட்டத்தில் 5 நிமிடம் 58 வினாடி மிச்சம். பெங்கால்ஸ் 7, பில்ஸ் 3. பெங்கால்ஸின் ஜோ பர்ரோ நடுவே வீசிய பந்தை டீ ஹிக்கின்ஸ் பிடித்து ஓடி வருகிறார். எதிரே ஹாம்லின். ஹிக்கின்ஸ் தோளைத் தாழ்த்திக்கொண்டு மோத, அது ஹாம்லினின் நெஞ்சில் படுகிறது. ஹாம்லின் அவருடைய தோளைச் சுற்றிக் கை போட்டு இழுத்துக் கீழே சாய்க்கிறார். விதிமீறல் எதுவும் இல்லை, ஒவ்வொரு ஆட்டத்திலும் பல முறை நடக்கும் சாதாரண டேக்கிள். ஹாம்லின் எழுந்து நிற்கிறார். ஓர் அடி எடுத்து வைக்கிறார். பிறகு கட்டை சாய்ந்ததுபோல மல்லாக்க விழுகிறார்.

எழுந்து நின்றுவிட்டு விழுந்ததுதான் பார்த்தவர்களை உலுக்கியது. மோதலில் மயங்கி விழுவதை இந்த ஆட்டத்தின் ரசிகர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். மூளை அதிர்ச்சியில் தள்ளாடுபவர்களையும் பார்த்திருக்கிறார்கள். இது அந்த இரண்டிலும் சேரவில்லை.

பில்ஸின் மருத்துவக் குழு சுமார் பத்து வினாடிக்குள் அவர் பக்கத்தில் இருந்தது. நாடித்துடிப்பு இல்லை. நெஞ்சை அழுத்தத் தொடங்கியவர் டென்னி கெலிங்டன், அணியின் உதவி அத்லெட்டிக் டிரெய்னர். இந்த வேலையைத் தமிழில் ‘பயிற்சியாளர்’ என்று எழுதிவிடுகிறோம், அது தப்பு. இவர் ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர் கிடையாது. கணுக்காலுக்குக் கட்டுப்போடுவதிலிருந்து காயம் பட்டவரை மைதானத்திலிருந்து எடுப்பதுவரை பார்க்கும் மருத்துவப் பணியாளர். அன்றைக்கு முன்பு அவருடைய பெயரைத் தெரிந்து வைத்திருந்த ரசிகர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏஇடி கருவியால் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். நெஞ்சை அழுத்தும் சிபிஆர் ஒன்பது, பத்து நிமிடம் ஓடியது. சுற்றிலும் பில்ஸ் ஆட்டக்காரர்கள் தோளோடு தோள் சேர்ந்து முழங்காலிட்டு வட்டமாக நின்றார்கள். கேமராவுக்கு மறைப்பாகவும் இருக்கட்டும், பிரார்த்தனையாகவும் இருக்கட்டும். 110 கிலோ ஆட்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். இதயம் மறுபடி துடிக்கத் தொடங்கியபின் ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள்ளிருந்தே கிளம்பி சின்சினாட்டி பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனது.

ஆட்டம் தொடருமா என்று சிறிது நேரம் குழப்பம். பில்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஷான் மெக்டெர்மட், எதிரணிப் பயிற்சியாளர் ஸாக் டெய்லரிடம், தான் இப்போது இருக்கவேண்டிய இடம் மருத்துவமனை, இங்கே நின்று ஆட்டம் நடத்துவது சரியில்லை என்று சொன்னதாக டெய்லரே பின்னர் தெரிவித்தார். இரு அணிகளும் உள்ளே போய்விட்டன. இரவு 10 மணிக்கு ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. மூன்று நாள் கழித்து ரத்தே செய்துவிட்டார்கள்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு நாளை வைத்துப் பார்க்கவேண்டும். 1971 அக்டோபர் 24, டெட்ராய்ட். லயன்ஸ் அணியின் சக் ஹியூஸ், வயது 28, ஆட்டம் முடிய ஒரு நிமிடமே இருக்கும்போது மைதானத்தில் சுருண்டு விழுந்தார். இதயத் தமனி அடைப்பு. என்எஃப்எல் ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்த ஒரே ஆட்டக்காரர் அவர். அவரைத் தூக்கிச் சென்றபின் மிச்சமிருந்த வினாடிகளையும் ஆடி முடித்தார்கள். 2023-ல் அப்படி நடக்கவில்லை என்றால் அதற்கு லீக் அலுவலகத்தைவிட மைதானத்தில் நின்ற இரண்டு பயிற்சியாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

நெஞ்சில் பட்ட அடி எப்படி இதயத்தை நிறுத்தும்?

ஒரு சொல் விஷயம். இதுபோன்ற செய்தி வந்தால் நம் பத்திரிகைகள் ‘மாரடைப்பு’ என்று போட்டுவிடுகின்றன. மாரடைப்பு என்பது ரத்தக்குழாய் அடைத்து இதயத் தசைக்கு ரத்தம் போகாமல் இருப்பது, சக் ஹியூஸுக்கு நடந்ததுபோல. ஹாம்லினுக்குக் குழாயில் கோளாறு இல்லை, தசையில் கோளாறு இல்லை. அவருக்கு நடந்தது இதயத் துடிப்பு நின்றுபோனது. முதலாவதைக் குழாய்ச் சிக்கல் என்றால் இரண்டாவதை மின்சாரச் சிக்கல் எனலாம்.

மருத்துவத்தில் இதற்குப் பெயர் கமோஷியோ கார்டிஸ். லத்தீன் சொல், இதயம் அதிர்ந்து கலங்குவது என்று பொருள் சொல்லலாம். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயத்தின் கீழறைகள் அடுத்த துடிப்புக்காக மின்னூட்டத்தைச் சரிசெய்துகொள்ளும். ஈசிஜி தாளில் அது டி-அலை என்ற மேடாகத் தெரியும். அந்த மேட்டின் உச்சிக்குச் சற்றே முன்னால், ஏறுமுகத்தில், ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது. சரியாக அந்த நேரத்தில், சரியாக இதயத்துக்கு நேர் மேலே, நெஞ்சில் அடி பட்டால், கீழறைகள் ஒழுங்காகச் சுருங்குவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பித்துவிடும். நடுங்கும் இதயம் ரத்தத்தைத் தள்ளாது. உடம்பில் மிச்சமிருக்கும் ஓட்டத்தில் ஆள் இரண்டு மூன்று வினாடி நிற்பார், ஓர் அடி வைப்பார். அப்புறம் விழுவார். ஹாம்லின் எழுந்து நின்றுவிட்டு விழுந்ததற்கு விளக்கம் இதுதான்.

அந்த இடைவெளியை அளந்தவர்கள் பாஸ்டன் ஆய்வாளர்கள், மார்க் லிங்க் குழுவினர். 1998-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், மயக்க மருந்து கொடுத்த பன்றிக்குட்டிகளின் நெஞ்சில், பேஸ்பால் பந்தின் எடையுள்ள பொருளை மணிக்கு 30 மைல் வேகத்தில், ஈசிஜியோடு நேரம் ஒத்துப்போகும்படி அடித்துப் பார்த்தார்கள். டி-அலை உச்சிக்கு 15 முதல் 30 மில்லிவினாடிக்கு முன்பு விழுந்த அடிதான் இதயத்தைக் கலங்கடித்தது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: ஓடி விளையாடும் ஒருவருக்கு நிமிடத்துக்கு 150 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 400 மில்லிவினாடி. அதில் ஆபத்தான துண்டு 15 மில்லிவினாடி. கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு சிறு துண்டு.

அடியின் பலம் பெரிதாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. மின்னியபோலிஸில் இத்தகைய நிகழ்வுகளுக்கென்றே ஒரு பதிவேடு பராமரிக்கப்பட்டது. அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் பதினைந்து வயதை ஒட்டிய பையன்கள். பேஸ்பால் பந்து, ஐஸ் ஹாக்கியில் அடிக்கும் வட்டான பக், லாக்ராஸ் பந்து, சில நேரம் விளையாட்டாக நெஞ்சில் விட்ட ஒரு குத்து. சிறுவர்களின் நெஞ்சுக்கூடு மெலிது, வளைந்து கொடுக்கும், அதிர்வு அப்படியே உள்ளே போய்விடும். 24 வயதில், முழு வளர்ச்சியடைந்த ஓர் ஆட்டக்காரருக்கு, அதுவும் தோள் கவசம் போட்டவருக்கு நடந்தது அபூர்வம். அபூர்வமே தவிர விளங்காதது இல்லை. 1998-ல் என்எச்எல் லீக்கின் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் கிறிஸ் ப்ராங்கர் நெஞ்சில் பக் பட்டு இதே மாதிரி விழுந்து பிழைத்திருக்கிறார்.

ஆனால் அபூர்வம் என்றாலே அதற்குள் வேறு கதை நுழைந்துவிடும். ஹாம்லின் இன்னும் மைதானத்தில் கிடக்கும்போதே கோவிட் தடுப்பூசிதான் காரணம் என்று ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து, ஜனவரி 22 அன்று, கொட்டும் பனியில் நடந்த ப்ளேஆஃப் (சீசன் முடிவின் நாக்அவுட்) ஆட்டத்துக்கு அவர் வந்து கண்ணாடி அறைக்குள்ளிருந்து கையசைத்தார். தலையில் முக்காடு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. உடனே அது அவரே இல்லை, ஆள்மாறாட்டம் என்று அடுத்த வதந்தி. இதற்கெல்லாம் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க நான் தயாரில்லை.

அதிசயம் என்ற சொல்

ஜனவரி 5-ஆம் தேதி மருத்துவர்கள் திமோத்தி ப்ரிட்ஸ், வில்லியம் நைட் இருவரும் செய்தியாளர்களிடம் பேசினார்கள். முந்தைய இரவு ஹாம்லின் கண்விழித்திருக்கிறார். தொண்டையில் சுவாசக் குழாய் இருந்ததால் பேச முடியாது. காகிதத்தில் எழுதிக் கேட்டிருக்கிறார்: ஜெயித்துவிட்டோமா? ஆமாம் டாமர், நீ ஜெயித்துவிட்டாய், வாழ்க்கை என்ற ஆட்டத்தையே ஜெயித்துவிட்டாய் என்று பதில் சொன்னார்கள்.

அந்தப் பதில் உலகம் சுற்றியது. எனக்குப் பிடித்தது அந்தக் கேள்வி. மருத்துவர்களுக்கும் அதுதான் முக்கியமாகப் பட்டது, வேறு காரணத்துக்காக. மூளைக்கு ரத்தம் போகாமல் இருந்த மனிதர் கண்விழித்ததும் தான் ஓர் ஆட்டத்தில் இருந்ததை நினைவு வைத்திருக்கிறார், அது முடிந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறார், கையால் எழுதுகிறார். மூளை தப்பித்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

மறுநாள் குழாயை எடுத்தார்கள். ஜனவரி 8 அன்று பில்ஸ் அடுத்த ஆட்டம் ஆடியது. முதல் உதையையே நைஹீம் ஹைன்ஸ் பிடித்து 96 யார்டு ஓடி எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் அடித்தார். மருத்துவமனை அறையில் பார்த்துக்கொண்டிருந்த ஹாம்லின் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்ததில் தீவிர சிகிச்சைப் பிரிவின் அலாரங்கள் எல்லாம் அலறின என்று டாக்டர் ப்ரிட்ஸ் சிரித்தபடி சொன்னார். ஜனவரி 9-ல் பஃபலோ மருத்துவமனைக்கு மாற்றினார்கள், 11-ல் வீடு. விழுந்து ஒன்பதே நாள்.

எல்லோரும் அதிசயம் என்றார்கள். கடவுள் நம்பிக்கையோடு அப்படிச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஹாம்லினே அப்படித்தான் பேசுகிறார். ஆனால் நிகழ்வு ஆய்வு என்று எழுத உட்கார்ந்தால் அந்த இரவுக்கு முன்பு என்ன ஏற்பாடு இருந்தது என்று பார்க்கவேண்டும்.

ஒவ்வொரு என்எஃப்எல் ஆட்டத்திலும் மைதானத்தில் சுமார் 30 மருத்துவப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய வேலை மூச்சுக்குழாயில் குழாய் செருகுவது மட்டும்தான். வேறு எதுவும் நடக்காத 99 ஆட்டங்களில் அவர் சும்மா நின்றுவிட்டுப் போவார். ஒவ்வொரு அணியும் அவசரகாலத் திட்டத்தை எழுதி வைத்திருக்கவேண்டும், சீசனுக்கு முன்பு ஒத்திகை பார்க்கவேண்டும். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது இரு அணி மருத்துவர்களும், நடுவர்களும் கூடி நின்று பேசுவார்கள். ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது, ஏஇடி எங்கே, எந்த மருத்துவமனை, சைகை என்ன, தலைமை யாருடையது. வாராவாரம் அதே கேள்வி, அதே பதில். சலிப்பான கூட்டம். சின்சினாட்டியிலும் அன்று அந்தச் சலிப்பான கூட்டம் நடந்திருந்தது.

இதயம் நடுங்கத் தொடங்கியபின் மின்னதிர்ச்சி கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பத்து நிமிடம் தாமதித்தால் கதை முடிந்தது. ஒரு பள்ளி மைதானத்தில், ஒரு கோச்சும் நான்கு பெற்றோர்களும் நிற்கும் மாலை நேர ஆட்டத்தில், ஏஇடி பூட்டிய அலுவலக அறைக்குள் இருந்தால்? பதிவேட்டில் இருக்கும் பதினைந்து வயதுப் பையன்களில் பலர் விழுந்தது அப்படிப்பட்ட இடங்களில்தான். ஹாம்லின் விழுந்தது நாட்டிலேயே மருத்துவ ஏற்பாடு மிகுந்த புல்தரைகளில் ஒன்றில்.

இதை ஹாம்லின் சீக்கிரமே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். 2023 மார்ச்சில் என்எஃப்எல்லும் மற்ற லீக்குகளும் சேர்ந்து ஸ்மார்ட் ஹார்ட் ஸ்போர்ட்ஸ் கோயலிஷன் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. கேட்டது மூன்று: ஒவ்வொரு பள்ளி மைதானத்துக்கும் அவசரத் திட்டம், ஓடிப்போய் எடுக்கும் தூரத்தில் பூட்டில்லாத ஏஇடி, பயிற்சியாளர்களுக்கு சிபிஆர் பயிற்சி. அதே மாதக் கடைசியில் பள்ளிகளுக்கு ஏஇடி வாங்க நிதி கேட்கும் மசோதாவுக்காக ஹாம்லின் வாஷிங்டன் போய் நாடாளுமன்ற வளாகத்தில் பேசினார். அவர் விழுந்த ஓஹையோ மாநிலம் 2024-ல் பள்ளிகளிலும் விளையாட்டுக் கூடங்களிலும் ஏஇடி இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டது.

2023 ஜூலையில் விளையாட்டுக்கான எஸ்பி விருது விழா. சேவைக்கான விருதை பில்ஸ் மருத்துவப் பணியாளர்களுக்குக் கொடுக்க மேடையில் நின்றவர் ஹாம்லின். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக மேடைக்கு ஏறி வந்தபோது அவர் திரும்பி நின்று, குனிந்து அழுதார். கெலிங்டனும் அந்த வரிசையில் இருந்தார்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி

அப்புறம் பணம். 2,500 டாலர் இலக்கு வைத்த பொம்மைப் பக்கம் அந்த ஒரே இரவில் லட்சக்கணக்கில் ஏறி, கடைசியில் 80 லட்சம் டாலரைத் தாண்டியது. என்ன செய்வதென்று தெரியாத ஜனங்கள் கையில் கிடைத்த ஒரே கதவைத் தட்டினார்கள். அந்தப் பணத்தையும் பெயரையும் கொண்டு அவருடைய சேசிங் எம்ஸ் அறக்கட்டளை ஊர் ஊராக சிபிஆர் பயிற்சி நடத்தியது, ஏஇடி கொடுத்தது. சின்சினாட்டி மருத்துவமனையில் தன்னைப் பார்த்துக்கொண்டவர்களின் பெயரில் அந்த நகரத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் வைத்தார்.

ஆனால் அதே வாரத்தில் செய்தியாளர்கள் அவருடைய ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆறாவது சுற்று ஆட்களின் ஒப்பந்தங்களில் சாதாரணமாக இருக்கும் ஒரு வரி அதிலும் இருந்தது: காயப்பட்டோர் பட்டியலுக்குப் போனால் சம்பளம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். வேலை செய்யும்போது பட்ட அடிக்காகவே சம்பளம் குறையும் ஏற்பாடு. நாடே பார்த்துக்கொண்டிருந்ததால் அணியும் லீக்கும் பேசி அவருக்கு முழுச் சம்பளம் தர ஒத்துக்கொண்டன. நல்லது. யாரும் பார்க்காத திங்கட்கிழமைப் பயிற்சியில் முழங்கால் முறிந்த இன்னொரு ஆறாவது சுற்றுப் பையனுக்கு அந்த வரி அப்படியேதான் வேலை செய்திருக்கும்.

ஓய்வூதியத்துக்கும் ஒரு கோடு உண்டு, மூன்று சீசன் முடித்திருக்கவேண்டும். ஹாம்லின் விழுந்தது இரண்டாவது சீசனில். அவர் அன்றோடு விளையாட்டை விட்டிருந்தால் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றிருப்பார்.

மறுபடி மைதானம்

2023 ஏப்ரல் 18. மூன்று நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்து ஆடலாம் என்று சொல்லிவிட்டார்கள். கமோஷியோ கார்டிஸ் என்ற பெயரை ஹாம்லின் வெளியே சொன்னதும் அன்றுதான். ஜூலை கடைசியில் கவசம் மாட்டிக்கொண்டு முழுப் பயிற்சிக்கு வந்தார். அன்று தனக்குள் ஆயிரம் உணர்ச்சிகள் ஓடியதாகச் சொன்னார். ஆகஸ்ட் 12 அன்று கோல்ட்ஸ் அணியோடு பயிற்சி ஆட்டம், மூன்று டேக்கிள், அதில் ஒன்று, எதிரணியின் கடைசி முயற்சியான நான்காவது டவுனில் அவர்களை நிறுத்தியது. அக்டோபர் 1 அன்று டால்ஃபின்ஸோடு சீசன் ஆட்டம்.

இங்கே கதை சினிமாவாக மாறவில்லை. ஹைடு குணமாகித் திரும்பிவிட்டார், அணிக்குப் புதிதாக ஆளும் வந்திருந்தார். ஹாம்லின் மறுபடி மாற்று ஆள். அந்த சீசனில் மொத்தம் 5 ஆட்டத்தில்தான் இறங்கினார், மிச்சத்தில் ஆடும் பட்டியலிலேயே பெயர் இல்லை. கேமராக்கள் எத்தனை காட்டினாலும் மெக்டெர்மட் பரிதாபத்துக்காக யாரையும் இறக்கவில்லை. கடுமை என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது மரியாதையாகத் தெரிகிறது. 2024 ஜனவரி ப்ளேஆஃபில் சீஃப்ஸுக்கு எதிராக ஒரு ஏமாற்று ஆட்டத்தில் பந்தை ஹாம்லின் கையில் நேராகக் கொடுத்தார்கள். ஓடினார், பிடித்துவிட்டார்கள். பில்ஸ் 27-24 என்று தோற்றது. ரசிகர்கள் அந்த முடிவைத் திட்டினார்கள். ஒரு வருஷம் முன்பு பிரார்த்தித்த அதே ஜனம்.

திரும்பி வந்தவருக்கான வருடாந்தர விருது விஷயத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. முதலிடத்துக்கான ஓட்டுகள் ஹாம்லினுக்கு 21, க்ளீவ்லேண்டின் ஜோ ஃப்ளாக்கோவுக்கு 13. ஆனால் இரண்டாம், மூன்றாம் இட ஓட்டுகளையும் சேர்த்ததில் 151-140 என்று ஃப்ளாக்கோ வென்றார். ஃப்ளாக்கோ எந்தக் காயத்திலிருந்தும் திரும்பவில்லை. வேலை கிடைக்காமல் நவம்பர்வரை வீட்டில் இருந்தவர், வந்து பிரமாதமாக ஆடினார், அவ்வளவுதான். அடுத்த வருஷம் விருதைக் கொடுக்கும் ஏபி செய்தி நிறுவனம், நோய், காயம் போன்றவற்றால் ஆட்டத்தை இழந்து மீண்டவருக்குத்தான் இது என்று வாக்காளர்களுக்குத் தெளிவுபடுத்தியது. ஹாம்லின் மூன்று டேக்கிள்கூட இல்லாத சீசனுக்கு விருது வாங்கவேண்டுமா என்று கேட்டவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

2024-ல் ஹைடும் அவருடைய நெடுநாள் ஜோடி ஜோர்டன் பாயரும் அணியில் இல்லை. சேஃப்டி இடங்கள் காலி. இந்த முறை ஹாம்லின் யாருடைய காயத்தாலும் உள்ளே வரவில்லை. முகாமில் போட்டிபோட்டு முதல் ஆட்டத்திலிருந்தே இடம் பிடித்தார். அந்த சீசனில் 14 ஆட்டங்களில் தொடக்க ஆள். பில்ஸ் கோப்பைக்கான இறுதிக்கு ஓர் ஆட்டம் முன்பு வரை, அதாவது லீக்கின் ஒரு பாதியான ஏஎஃப்சியின் இறுதிவரை போனது. 2025 மார்ச்சில் அணி அவரோடு மறுபடி ஓராண்டு ஒப்பந்தம் போட்டது.

அந்த 2024 செப்டம்பர் 23-ம் ஒரு திங்கள் இரவு. பில்ஸின் சொந்த மைதானம், எதிரே ஜாக்ஸன்வில் ஜாகுவார்ஸ். ட்ரெவர் லாரன்ஸ் நடுவே ஒரு பந்தை வீசினார். அது போய்ச்சேரவேண்டிய கைக்குப் போகவில்லை. பின்னால் நின்ற 3-ஆம் எண் சட்டைக்காரர் வந்து பிடித்தார். நான்காவது சீசனில் ஹாம்லினின் முதல் இன்டர்செப்ஷன். அரங்கம் அதிர்ந்தது. பில்ஸ் 47-10 என்று ஜெயித்தது. இந்த முறை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.